மொட்டைமாடித் திமிங்கலம்

ஜனவரி 9, வெள்ளி

ஏழு மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு எழுந்தேன். கடல் அமைதி. மெல்லிய வாடைக்காற்று. ஓங்கல் ஐந்து.

டால்ஃபினுக்கு இந்த மாதாமுனையில் ஓங்கல் என்றுதான் பெயர். கடல் ஆய்வு நிலையத்தார் கொடுத்த தாளில் டால்ஃபின் என்று அச்சிட்டிருந்தது. நான் அதை அடித்துவிட்டு ஓங்கல் என்று எழுதி அனுப்பினேன். மறுப்பு ஏதும் வரவில்லை.

கரையிலிருந்தபடியே ஓங்கலையும் திமிங்கலத்தையும் பார்த்து எழுத ஊருக்கு ஒருவர் வேண்டும் என்று போன மாதம் நிலையத்திலிருந்து திருமதி வானதி வந்தார். மாதா கோயில் பங்கு மண்டபத்தில் கூட்டம். கையைத் தூக்கியது நான் ஒருத்திதான். எங்கள் வீடு தேரிமேட்டில் இருப்பதால் ஊரிலேயே உயரமான மாடி எங்களுடையது. வானதி வந்து பார்த்துவிட்டு, என் நாற்காலிக்கு முன்னால் கைப்பிடிச் சுவரில் ஒன்பது கோடுகள் கீறி, பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்பது. எந்தக் கோட்டுக்கு நேரே பார்த்தோம் என்று எழுத வேண்டும். கீறல் ஆழமாக இருப்பதால் விரலாலேயே எண்ணிவிடலாம். வசதி.

அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று. “கண்டதை எழுதுங்கள். நினைத்ததை எழுத வேண்டாம்.” அந்த மண்டபத்தில் இத்தனை வருடத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான வாக்கியம். நான் படித்த கான்வென்டின் மதர் ஆக்னஸ் இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்.

ஒரே தொந்தரவு எர்னஸ்டின். என் கணவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் போன பிறகு எனக்குத் துணை என்று சொல்லி வந்தவள், ஆறு வருடமாக வாயை மூடவில்லை. கடலைப் பார்க்கும் இந்தக் காவலின்போதும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

“மதினி, மூணாங் கோட்டுக்கு நேரே ஓங்கல். நாலு... இல்ல, அஞ்சு. ஒண்ணு குட்டி. தாய்க்கு இந்தப் பக்கமா ஒட்டிக்கிட்டு வருது பாருங்க.”

“எனக்குக் கண் இருக்கிறது, எர்னஸ்டின்.”

பார்த்தேன். மூன்றாவது கோடு. ஐந்து. எழுதினேன்.

ஜனவரி 12, திங்கள்

ஓங்கல் மூன்று, நான்காவது கோடு, தெற்கு நோக்கி. நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய கூட்டம் போனதாக எர்னஸ்டின் சொன்னாள். இருபதாவது இருக்குமாம். நான் அதை எழுதவில்லை. நான் பார்க்காததை என் கையெழுத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். “அப்ப இருவது ஓங்கலும் சும்மா போச்சா?” என்றாள். சும்மாதான் போயிற்று.

பத்து மணிக்குப் பின்வாசலில் யாரோ வந்து நின்றார். யாரது என்று கேட்டேன். “யாரா? நாலு வருசமா மீன் கொண்டு வாரேன், என்னையத் தெரியலியா?” என்றது குரல். கஸ்பார். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் தெரியும்?

சாளை கொண்டுவந்திருந்தார். நேற்றைய மீன் என்றேன். மச்சாடோ எங்கள் குடும்பப் பெயர்; அவருக்கு நான் மச்சாடோம்மா.

“மச்சாடோம்மா, கண்ணப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. நேத்துப் பிடிச்சதுன்னா இதுக்குள்ள கண்ணு குழிவிழுந்து எனக்கே பாட்டி மாதிரி ஆயிருக்கும்.” பிறகு, “உங்க ஓங்கல் எல்லாம் என் வலையக் கிழிச்சு மீனத் திங்குது. நீங்க மேல இருந்து அதுகளுக்குப் பேரெழுதுதிய. என் பேர ஒரு நாள் எழுதக் கூடாதா?”

“நீ கடல்வாழ் உயிரினம் அல்ல.”

“பாதி நாள் அங்கதான கெடக்கேன்!”

நான் எல்லாவற்றையும்தான் பார்க்கிறேன் என்று சொன்னேன். சனிக்கிழமை அவர் வள்ளம் இரண்டாவது கோட்டில், பாரை ஒட்டி நின்றது. வள்ளத்தின் விளிம்பில் பச்சைப் பட்டை, தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவையும் சொன்னதும் அசந்துபோனார். பார் என்பது தெற்கே கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டு. கரையிலிருந்து நல்ல தூரம்.

“அங்கன நிக்கிறது இங்கன இருந்து தெரியுதா? பச்சைப் பட்டை வரைக்கும்?”

“வரைக்கும்.”

“அப்ப கவலையில்ல. எனக்கு ஒண்ணுன்னா மச்சாடோம்மா பாத்துக்கிடுவாவ.”

எர்னஸ்டின் அடுப்படியில் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள். அவளுக்குக் கை நிதானமே கிடையாது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எர்னஸ்டின் முற்றத்தில் பானை வைத்தாள். என் காப்பியில் உப்பு. இரண்டு டப்பாக்களையும் ஒரே மாதிரி வாங்கியவள் அவள். இப்போது சர்க்கரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறாள். மாடிப்படி விளிம்புகளிலும் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறாள். அலங்காரமாம். பால்வாடி போல இருக்கிறது வீடு.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை. இப்போதெல்லாம் பாட்டுப் புத்தகத்தை மலிவான மையில் அச்சடிக்கிறார்கள். கோயில் வாசலில் கஸ்பாரின் மனைவி மரியபுஷ்பம் என்னைக் கடந்து போனதாகவும் நான் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை என்றும் எர்னஸ்டின் சொன்னாள். அவள் சொன்னால் நான் சொல்லியிருப்பேன். பெரியவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியவர்கள் சிறியவர்கள்.

அடுத்த சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை என்று சாமியார் அறிவித்தார். நல்ல காரியம். வசதி இல்லாதவர்களுக்கு மிகவும் உதவும்.

சாயங்காலம் சென்னையிலிருந்து பமேலாவின் போன். என் மகள்தான், ஆனால் பேச்சில் அவள் எனக்குத் தாய்.

“மம்மி, போன வாரம் நீங்க அனுப்பின காசோலையில கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருக்கு. கண்ணைக் காட்டுங்க. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க. நான் சும்மா சொல்லல. ஈஸ்டருக்குள்ள ஒரு முடிவு வேணும்.”

“பமேலா, நான் தினமும் கடலில் ஓங்கல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். குட்டியையும் சேர்த்து. ஆய்வு நிலையத்துக்கு அறிக்கை போகிறது. கண் தெரியாதவளிடமா அதைக் கொடுப்பார்கள்?”

இந்தக் காவல் இருக்கும்வரை என்னை யாரும் இந்த மாடியிலிருந்து இறக்க முடியாது.

ஜனவரி 21, புதன்

பால்காரர் வராததால் எர்னஸ்டின் கடைக்குப் போயிருந்தாள். ஒரு மணி நேரம் நிம்மதி. கடல் வெறுமை. ஓங்கல் இல்லை.

மத்தியானம் கஸ்பார் மீன் கொடுக்கும்போது, காலையில் கோயிலுக்கு நேரே நாற்பது ஓங்கல் துள்ளிக்கொண்டு போயிற்று, ஊரே நின்று வேடிக்கை பார்த்தது என்றார். கடலுக்குப் போகிறவர்களுக்கு எதையும் பெருக்கிச் சொல்வது வழக்கம்.

பைனாகுலர் லென்ஸுக்குள் பூசணம் படர்ந்திருக்கிறது. தூத்துக்குடியில் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஜனவரி 24, சனி

ஓங்கல் இரண்டு, ஐந்தாவது கோடு. எர்னஸ்டின் முதலில் சொன்னாள். நான் பிறகு கண்டேன்.

கண் பரிசோதனைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்திருந்தேன்.

பைனாகுலர் என் கணவருடையது. லியாண்டர் சுங்க இலாகாவில் இருந்தார். ரோந்துப் படகில் போனபோது இரண்டு முறை திமிங்கலம் பார்த்தவர். “தெக்ளா, அது மூச்சு விடுறதைப் பாக்கணும். ஆனா உனக்குக் கொடுத்து வைக்கல, கரையில இருக்கறவங்களுக்கு அது தரிசனம் தராது” என்பார், ஏதோ அவரே அதை வளர்த்தது போல. முப்பத்தெட்டு வருடம் இதைக் கேட்டிருக்கிறேன். ஒன்று வந்தால் போதும். ஒரே ஒன்று.

ஜனவரி 27, செவ்வாய்

திமிங்கலம்.

நிதானமாக எழுதுகிறேன். அதிகாலையில் கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது. வலைக்கூடத்துத் தெருவில் பெரியவர் அந்தோனிப்பிள்ளை இறந்துவிட்டார். ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் கடலில் இறங்குவதில்லை. கரையில் ஒரு ஆள் இல்லை. எர்னஸ்டின் சாவு வீட்டுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க இருட்டோடு போய்விட்டாள். நான் மாலையில் அடக்கத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தேன். காவலை நிறுத்த முடியாது.

ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். வெளிச்சம் தண்ணீரில் பட்டுச் சிதறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஏழாவது கோட்டுக்கு நேரே, கறுப்பாக. முதலில் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணை மூடித் திறந்தேன். அங்கேயே இருந்தது. கறுப்பு முதுகு, நீளமானது, தண்ணீருக்கு மேலே. அதன்மேல் வெள்ளையாகத் தெறித்தது: மூச்சு. பிறகு வாலைத் தூக்கியது. விழுந்தது. மறுபடி தூக்கியது. ஓங்கல் இவ்வளவு பெரிதாக இருக்காது. நாலு மாடு நீளம்.

எட்டு மணிக்கு எழுந்திருக்கவில்லை. ஒன்பது மணிவரை இருந்தேன். அது மிக மெதுவாக வடக்கே நகர்ந்தது. ஏழாவது கோட்டிலிருந்து எட்டாவது கோட்டுக்கு வர அவ்வளவு நேரமாயிற்று. நடுநடுவே வால். ஒரு கட்டத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். கைதட்டினேன் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வானதிக்குப் போன் செய்தேன். அவருக்கு ஒரே ஆனந்தம். போட்டோ எடுக்க முடியுமா, வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். “என் கண் போதும்” என்றேன். பமேலாவுக்கும் போன் செய்தேன். திமிங்கலம் என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னேன். கண்ணைப் பற்றி அவள் இன்று வாய் திறக்கவில்லை.

லியாண்டர், கேட்கிறதா?

மாலை. அடக்கத்துக்குப் போகவில்லை, வெயிலில் உட்கார்ந்ததில் தலைவலி. நாலரை மணிக்கு மரியபுஷ்பம் வந்தாள். கஸ்பார் மணி அடிக்கும் முன்பே, விடியலில், தனியாகத் தூண்டிலுக்குப் போயிருக்கிறார். சாவுச் செய்தி தெரிந்து பக்கத்து ஊரில் கரை ஏறியிருப்பார் என்று இவள் நினைத்திருக்கிறாள். அங்கே இல்லையாம். நான் காலையில் வள்ளத்தைப் பார்த்தேனா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஒரு திமிங்கலத்தைத்தான் பார்த்தேன் என்றேன்.

எர்னஸ்டின் வந்துவிட்டாள். குளிக்கிறாள். பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 28, புதன்

காவல் இல்லை.

ஜனவரி 29, வியாழன்

கான்வென்டில் படுக்கப் போகுமுன் அன்று செய்த தவறுகளை மனச்சோதனையாக எழுத வேண்டும். மதர் ஆக்னஸ் அதைப் படிக்க மாட்டார். எழுதினோமா என்று மட்டும் பார்ப்பார். நேற்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை எர்னஸ்டின் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்ததும் திமிங்கலத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

“எத்தன நேரம் இருந்துச்சு மதினி?”

“இரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட.”

“முங்கிச்சா?”

“முங்கவில்லை.”

“ஒரு தடவகூடவா?”

“எர்னஸ்டின், நீ என்ன வக்கீலா?”

“இல்ல மதினி. மூச்சு விட்டா முங்கும். அண்ணன் எத்தன தடவ சொல்லியிருக்காரு.” பிறகு அவள் குரலைத் தணித்தாள். இவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. “திமிங்கலங்கறத விட்டுருங்க. கண்டத மட்டும் சொல்லுங்க. நீங்கதான எனக்குச் சொல்லித் தந்திய.”

நான் சொன்னேன். கறுப்பாக நீளமாக ஒன்று. அசையாமல் இருந்தது. தண்ணீரோடு போயிற்று. அதன்மேல் வெள்ளையாக ஒன்று. வெள்ளை எழுந்தது. விழுந்தது. எழுந்தது.

சொல்லி முடித்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன்.

வள்ளத்தின் அடிப்பக்கத்துக்குத் தார் பூசுவார்கள். கறுப்பாக இருக்கும். இந்த ஊரில் எழுபத்தாறு வருடம் இருப்பவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். நின்றேன், ஆனால் உடனே நடக்கவில்லை. வானதியை நினைத்தேன். பமேலாவை நினைத்தேன். திமிங்கலமாகவே இருக்கலாமே என்றும் நினைத்தேன். சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. எர்னஸ்டின் உள்ளே போனாள். செருப்பைக் கொண்டுவந்து என் காலுக்கு முன்னால் வைத்தாள், வலது வலதாக, இடது இடதாக.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். படி இறங்கும்போது அவள் பேச ஆரம்பித்தாள். “இதோ படி. இன்னொண்ணு. இங்கன உடைஞ்சிருக்கு, இந்தப் பக்கமா வாங்க. இனி மணல். இடது பக்கம் லைட்டு மரம்.” இரண்டு வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறாள். பின்வாசலில் நின்று, “யாரு, மரியபுஷ்பமா, வா வா” என்று சத்தமாகச் சொல்வாள். மாடியில், “மூணாங் கோடு, அஞ்சு, ஒண்ணு குட்டி” என்பாள். நான் இதை வாய் ஓயாத பேச்சு என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்த நாட்குறிப்பில் எத்தனை இடத்தில் என்று எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

கரையில் ஊரே நின்றது. நாலு வள்ளம் தெற்கே போய்விட்டது, பாரைச் சுற்றித் தேட. இன்னும் இரண்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மரியபுஷ்பத்தின் அண்ணன் லாசர் எஞ்சின் பக்கம் இருந்தார்.

“வடக்கே போங்கள்” என்றேன்.

“வடக்கயா? அவன் பாருக்குல்லா போனான். யாரு சொன்னா?”

“காலை ஏழு மணிக்கு ஏழாவது கோடு. கோயில் கொடிமரத்துக்கும் வலைக்கூடத்துக்கும் நடுவே. ஒன்பதுக்கு எட்டாவது கோடு. தண்ணீர் வடக்கே இழுத்தது.”

“மச்சாடோம்மா, நீங்க அது திமிங்கலம்னுல்லா சொன்னியளாம்?”

எல்லோரும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டியிருந்தது. அலைச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது.

“அப்படி நினைத்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியாது. கறுப்பாகக் கிடந்தது. அதன்மேல் வெள்ளையாக ஒன்று எழுந்து எழுந்து விழுந்தது.”

மரியபுஷ்பம் என் முன்னால் வந்து நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றாள், அப்படியும் தெரியவில்லை.

“கைய ஆட்டுனாவளா?” என்றாள்.

“ஆட்டினார்” என்றேன்.

லாசர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு எங்கே, ஒன்பதுக்கு எங்கே என்று மட்டும் மறுபடி கேட்டார். தனக்குள் ஏதோ கணக்குப் போட்டார். “இந்நேரம் சிப்பிக்குளத்துக்கு நேரே போயிருப்பான். தள்ளுங்கலே!” என்றார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வள்ளமும் வடக்கே போயின.

விளக்கு வைத்த பிறகு கொண்டுவந்தார்கள். உயிரோடு. லாசர் போட்ட கணக்குக்கு மிக அருகில்தான் இருந்தாராம். வள்ளத்தின் முதுகில் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். பாருக்குப் போகும் வழியிலேயே, விடியலில், அலை புரட்டிவிட்டது. நீர் இல்லாமல் ஒரு பகல் முழுக்க வெயிலில். தோளிலும் முதுகிலும் தோல் வழன்றிருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் கரையிலேயே நின்றிருந்தேன். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜனவரி 30, வெள்ளி

வானதிக்குப் போன் செய்து திமிங்கலத்தை அடித்துவிடச் சொன்னேன். காரணமும் சொன்னேன். “அவர் நல்லா இருக்காரா?” என்று கேட்டார். அதை முதலில் கேட்டது நல்ல வளர்ப்பு. வேறு ஆளை நியமித்துக்கொள்ளும்படி சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பமேலாவுக்கு நானே சொன்னேன். அவள் அழுதாள். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். கண்டதை எழுத வேண்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

மெழுகுதிரித் திருநாள். எர்னஸ்டின் மந்திரித்த திரி வாங்கி வந்தாள்.

பத்து மணிக்குப் பின்வாசலில் செருமல். இந்த முறை யாரது என்று கேட்கவில்லை.

“திமிங்கலம் வந்திருக்கு மச்சாடோம்மா. சாளை வேணுமான்னு கேக்குது.”

சட்டை போட முடியாமல் மேலே துண்டு போர்த்தியிருப்பதாக எர்னஸ்டின் சொன்னாள். உள்ளே வரச் சொன்னேன். லியாண்டரின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். நான் நின்றுகொண்டே இருந்ததால் கடைசியில் உட்கார்ந்தார்.

“கஸ்பார், என்னை மன்னித்துவிடு.”

“ஐயோ, என்னத்துக்கு?” காப்பியை உறிஞ்சினார். உதடு வெடித்திருக்கிறது போல; இழுத்து இழுத்துக் குடித்தார். “முதல்ல பயம்தான். பெறகு ஊருக்கு நேரே வந்ததும் தேரிமேட்டு மாடி தெரிஞ்சுது. மணி என்ன இருக்கும்னு பாத்தேன். ஏழு ஏழரை. இந்த நேரத்துல மச்சாடோம்மா மேல இருப்பாவ, பச்சைப் பட்டையப் பாத்தவ, என்னையப் பாக்கமாட்டாவளான்னுட்டு வெள்ளச் சட்டையக் கழத்தி ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனேன். கை விட்டுப்போற வரைக்கும்.”

அவர் சிரித்தார். அவர் சிரித்ததை எழுதுகிறேன்.

“பச்சைப் பட்டையை நான் பார்க்கவில்லை, கஸ்பார். எர்னஸ்டின் பார்த்துச் சொன்னாள். நான் உன்னிடம் பொய் சொன்னேன்.”

காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அது சரி” என்றார். பிறகு, “ஆனாலும் அந்த நெனப்புலதான மச்சாடோம்மா ஆட்டிக்கிட்டே கெடந்தேன். இல்லேன்னா மத்தியானமே கைய விட்டுருப்பேன்.”

அவருக்கு இன்னொரு காப்பி நானே கலந்தேன்; ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சர்க்கரை போட்டேன்.

மரியபுஷ்பம் வரவில்லை. வர வேண்டியதில்லை.

பிப்ரவரி 7, சனி

தூத்துக்குடி. பமேலா வந்து கூட்டிப் போனாள். டாக்டர் பெண், பொறுமையானவள். எழுத்துப் பலகையைக் காட்டினாள். மேலே இருக்கும் பெரிய எழுத்தை மட்டும் சொன்னேன். மற்றதை யூகித்துச் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

வலது கண்ணில் புரை. எடுத்துவிடலாம், பார்வை ஓரளவு திரும்பும். இடது கண்ணுக்கு நாள் கடந்துவிட்டது. முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, பமேலாவின் முகத்தைப் பார்த்தோ என் முகத்தைப் பார்த்தோ நிறுத்திக்கொண்டாள். சாம்பல் புதனுக்குப் பிறகு அறுவை.

திரும்பும்போது பமேலா சென்னையைப் பற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தேன். கார் ஊருக்குள் நுழையும்போதுதான் வாயைத் திறந்தாள். “அத்தை உங்களைப் பாத்துக்கறாங்க இல்லையா மம்மி?”

“ஆமாம்” என்றேன். “எனக்கும் சேர்த்து அவள்தான் பார்க்கிறாள்.”

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்று வானதி போன் செய்தார். பார்ப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று இரண்டு பேராகச் செய்வதில் தவறில்லை, எத்தனையோ இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். மற்றவர்கள் எழுதி அனுப்பும் தாளில் பாதி தனக்குப் படிக்கவே முடிவதில்லை என்றும் சொன்னார்.

இன்று ஏழு மணிக்கு எர்னஸ்டினை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் முக்காலியில். தாளின்மேல் அடிக்கோல் வைத்து அதன் விளிம்பைத் தொட்டுத் தொட்டு எழுதினால் வரி கோணாமல் வருகிறது.

அவள் பைனாகுலரைப் பிடித்தபடி மூச்சுக்கூட விடவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு சத்தம் இல்லை.

“பேசு” என்றேன்.

“என்ன பேச மதினி? தப்பா சொல்லிட்டா?”

“எப்போதும் பேசுவதைப் பேசு.”

கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தாள். தண்ணீர் பாசி நிறமாக இருக்கிறது. மேகம் இல்லை. கொடிமரத்தில் காக்கை. ஒரு வள்ளம் இறங்குகிறது. பிறகு குரல் எகிறியது. “ஓங்கல் மதினி! அஞ்சாங் கோடு. ஏழு. இருங்க... எட்டு. வடக்க பாத்துப் போகுது. ஒண்ணு குதிக்குது, ஐயோ, முழுசா வெளிய வந்துருச்சு!”

எழுதினேன். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது, வெயில் ஏறிய கடலின் வெளிச்சம்.

“அதுக்குப் பின்னால பச்சைப் பட்டை. கஸ்பாரு மதினி! லாசர் வள்ளத்துல இல்ல, அவரு வள்ளத்துலதான். சரி பண்ணிட்டாவ போல. மதினி...” அவள் நிறுத்தினாள். “இங்க பாத்துக் கைய ஆட்டுதாரு.”

எழுந்து, சுவரில் விரல் வைத்து ஐந்தாவது கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே நின்றேன்.

தாளை இப்படி முடித்து அனுப்பியிருக்கிறேன்.

பார்த்தவர்: எர்னஸ்டின் மச்சாடோ. எழுதியவர்: தெக்ளா மச்சாடோ. ஓங்கல் எட்டு. திமிங்கலம் இல்லை. பிற குறிப்புகள்: வள்ளம் ஒன்று. அதில் கஸ்பார். கை ஆட்டினார். பதிலுக்கு ஆட்டப்பட்டது.